லிதுவேனியாவின் முதற் பட்டாளம்

லிதுவேனியா என்றொரு நாடு இருக்கிறதா என்று கேட்பவர்கள் நம் விடுதியிலேயே உண்டு. அந்நாட்டுக் காலாட்படை ரெஜிமெண்டு ஒன்றின் சரித்திரத்தைப் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் எழுத முற்பட்டால், “இவனுக்கு ஏன் இந்த வேலை?” என்று அன்பர்கள் கேட்பது நியாயமே. ஆகையால் முதலில் அதற்குச் சமாதானம் சொல்லிவிடுகிறேன்.

குற்றம் மின்கோவ்ஸ்கியினுடையது. காலத்தையும் இடத்தையும் ஒன்றாகப் பிணைத்து நான்கு பரிமாண வெளியாக்கிக் காட்டிய கணித மேதை அவர். ஐன்ஸ்டீனுக்கு ஜூரிக்கில் பாடம் சொன்னவர். அவர் 1864-இல் அலெக்சோதஸ் என்னும் ஊரில் பிறந்தார் என்று ஒரு புத்தகத்தில் கண்டேன். எங்கே இருக்கிறது இவ்வூர் என்று தேடப் போனதில்தான் எல்லாம் தொடங்கிற்று. அலெக்சோதஸ் இன்று லிதுவேனியாவின் கௌனஸ் நகரத்தைச் சேர்ந்தது. நெமுனஸ் ஆற்றின் இடக்கரையில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வலக்கரையில் ரஷ்யப் பேரரசின் பழைய பஞ்சாங்கம் நடந்தது. இடக்கரை போலந்து ராஜ்யப் பகுதியாதலால் அங்கே புதிய பஞ்சாங்கம். இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். எனவே, உலகிலேயே நீளமான பாலம் எங்கள் பாலந்தான், கடக்க 12 நாள் பிடிக்கும் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வார்களாம். காலவெளியின் ஆசிரியர் பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு உண்டோ!

அதே பக்கத்தில் கௌனஸுக்கு ஓர் அடைமொழி இருந்தது: “தற்காலிகத் தலைநகர்.” ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு நகரம் தற்காலிகமாகத் தலைநகராயிருந்தது. அப்படியானால் நிலையான தலைநகர் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, அந்நாட்டின் முதலாவது காலாட்படை ரெஜிமெண்டின் கதை கையில் அகப்பட்டது. தலைநகரின் கதையும் பட்டாளத்தின் கதையும் ஒன்றே என்பது போகப் போகத் தெரிந்தது.

முதல் உலக யுத்தத்துக்கு முன் லிதுவேனியா ரஷ்ய ஜாரின் ஆட்சியிலிருந்தது. 1864 முதல் 1904 வரை நாற்பதாண்டுகள் லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதே தடை செய்யப்பட்டிருந்தது. பக்கத்து ஜெர்மனியில் அச்சிட்ட புத்தகங்களை மூட்டை கட்டி, இரவோடிரவாக எல்லை தாண்டிக் கடத்தி வந்தார்கள் கிராமத்து மனிதர்கள். பிடிபட்டவர் சைபீரியா போனார். சாராயத்தையும் புகையிலையையும் கடத்துவார் உண்டு. பிரார்த்தனைப் புத்தகத்தையும் அரிச்சுவடியையும் கடத்திய மக்களைப் பற்றி நான் வேறெங்கும் படித்ததில்லை.

1918 பிப்ரவரி 16 அன்று வில்னியூஸ் நகரில் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தாயிற்று. அப்போது நாடு முழுவதும் ஜெர்மானியர் கையில். ஜெர்மனி தோற்ற பிறகுதான் உண்மையான சர்க்கார் அமைந்தது. முதற் பிரதமர் வோல்தெமரஸ் சரித்திரப் பேராசிரியர். நாம் யாரையும் தாக்கப் போவதில்லை, நமக்கெதற்குப் பெரிய ராணுவம் என்பது முதலில் அவர் எண்ணம். கிழக்கேயிருந்து செஞ்சேனை நெருங்கி வரவே எண்ணம் மாறிற்று. 1918 நவம்பர் 23 அன்று ராணுவத்தை அமைக்கும் முதல் ஆணை வெளியாயிற்று. முதலாவது ரெஜிமெண்டைத் திரட்டும் வேலை வில்னியூஸில் ஆரம்பமாயிற்று.

ரெஜிமெண்டு என்றதும் அணிவகுப்பு, வாத்தியம், பளபளக்கும் பொத்தான் இவையெல்லாம் நினைவுக்கு வரும். அப்போதிருந்ததோ பெயர்ப் பட்டியல்தான். ஜாரின் சேனையில் பணி செய்து திரும்பிய சில அதிகாரிகள், சொந்தச் சட்டையோடு வந்த விவசாயப் பிள்ளைகள், ஜெர்மானியரிடம் விலைக்கு வாங்கியும் கெஞ்சியும் பெற்ற துப்பாக்கிகள். டிசம்பர் 29 அன்று சர்க்கார் தொண்டர்களை அழைத்து அறிக்கை விட்டது. செஞ்சேனையோ வாசலுக்கே வந்துவிட்டது. சர்க்கார் 1919 ஜனவரி 2-இல் கௌனஸுக்குக் குடி பெயர்ந்தது. அதற்கு முந்திய நாள், புத்தாண்டு தினத்தன்று, ஷ்கிர்பா என்ற இளம் அதிகாரி சில தொண்டர்களுடன் வில்னியூஸ் குன்றின் மேலுள்ள கெதிமினஸ் கோபுரத்தில் ஏறி, மஞ்சள், பச்சை, சிவப்பு மூவர்ணக் கொடியை முதன்முறை ஏற்றினார். சில தினங்களே அது பறந்தது. ஷ்கிர்பாவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடி வருவார்.

ரெஜிமெண்டு தெற்கே நெமுனஸ் கரையிலுள்ள அலீட்டூஸ் ஊருக்கு நகர்ந்து அங்கே உருப்பெற்றது. அதன் தலைவர் அந்தானஸ் யுவோசபாவிச்சியூஸ். வயது 25. பிப்ரவரி 13 அதிகாலையில் செஞ்சேனை அலீட்டூஸைத் தாக்கியபோது அவர் ஆற்றுப் பாலத்துக்குப் போனார். பாலத்தின் மேலேயே சுடப்பட்டு இறந்தார். லிதுவேனிய ராணுவத்தில் போரில் மடிந்த முதல் அதிகாரி அவரே. அதற்கு ஐந்து நாள் முன்பு, வடக்கே கெதாய்னியாய் அருகே லுக்ஷிஸ் என்ற தொண்டர் மடிந்திருந்தார். முதற் சிப்பாய் அவர். யுவோசபாவிச்சியூஸ் என்னைவிட இரண்டே வயது மூத்தவர். இந்த வயதில் நான் பரிசோதனைச் சாலையில் ஒரு காற்றிறைக்கும் பம்பு ஒழுகாமலிருக்க மல்லாடிக்கொண்டிருக்கிறேன். அவர் கையில் ஒரு ரெஜிமெண்டு இருந்தது. அதுவும் பிறந்து சில வாரங்களேயான ரெஜிமெண்டு. இந்த ஒப்பீடு அர்த்தமற்றதென்று அறிவேன். ஆயினும் அந்தப் பக்கத்தைப் படித்த இரவு அதை விட்டு நகர முடியவில்லை.

சில நாட்களில் அலீட்டூஸ் மீட்கப்பட்டது. அவருக்குப் பின் லாதிகா என்ற அதிகாரி தலைமையேற்றார். அவர் நடத்திச் சென்ற படை மே 3-இல் உக்மெர்கே நகரைப் பிடித்தது. வில்னியூஸுக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், ஷ்வெந்தோயி ஆற்றங்கரையிலுள்ள ஊர் அது. பிற்காலத்தில் ரெஜிமெண்டுக்கு அதுவே சொந்த ஊராயிற்று.

அடுத்த ஒன்றரை ஆண்டு நடந்த யுத்தங்களை விவரித்தால் தலை சுற்றும். கிழக்கே செஞ்சேனை. வடக்கே பெர்மோந்த் என்பவர் தலைமையில் ஜெர்மானியரும் வெள்ளை ரஷ்யருமாகச் சேர்ந்த ஒரு கூட்டம். அது 1919 நவம்பரில் ராத்விலிஷ்கிஸ் ரயில் சந்திப்பருகே முறியடிக்கப்பட்டது. 1920 ஜூலை 12 அன்று மாஸ்கோவில் சோவியத் ரஷ்யாவுடன் சமாதான ஒப்பந்தம். வில்னியூஸ் லிதுவேனியாவைச் சேர்ந்ததென அதில் ரஷ்யா ஒப்புக்கொண்டது. மிஞ்சியது போலந்து.

போலந்துடன் நடந்ததை அண்டை நாட்டுச் சண்டை என்பதைவிடப் பங்காளிச் சண்டை என்பதே தகும். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 20 பேரில் ஒருவர் ஸ்தனிஸ்லோவஸ் நருத்தாவிச்சியூஸ். அவருடைய உடன்பிறந்த தம்பி காப்ரியேல் நருத்தோவிச் போலந்தின் முதல் ஜனாதிபதி! ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் லிதுவேனியரானார், மற்றவர் போலந்துக்காரரானார். போலந்தின் தலைவர் பில்சுத்ஸ்கியும் வில்னியூஸுக்கு அருகே பிறந்தவரே. அவருக்கு அது தம் சொந்த ஊர். 1920 அக்டோபர் 7-இல் சுவால்கி நகரில் இரு நாடுகளும் போர்நிறுத்தக் கோடு ஒன்றுக்கு ஒப்பினர். மறுநாளே ஜெலிகோவ்ஸ்கி என்ற போலந்துத் தளபதி, கட்டளையை மீறிக் கலகம் செய்தவர்போல், படையுடன் புறப்பட்டு அக்டோபர் 9-இல் வில்னியூஸைக் கைப்பற்றினார். கலகம் பில்சுத்ஸ்கியின் ஏற்பாடே என்பது பின்னர் அவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. நவம்பரில் ஷிர்விந்தோஸ், கியெத்ராய்ச்சியாய் ஊர்களருகே லிதுவேனியர் தடுத்து நிறுத்தினர். அம்மாத இறுதியில் சண்டை நின்றது. நின்ற இடம் எல்லையாயிற்று. வில்னியூஸ் அந்தப் பக்கம் போயிற்று.

இனி பத்தொன்பது ஆண்டுகள் அமைதி. என்ன அமைதி! இரு நாடுகளுக்குமிடையே ரயில் இல்லை, தபால் இல்லை, தொலைபேசி இல்லை, தூதர் இல்லை. லிதுவேனிய அரசியல் சட்டம் தலைநகர் வில்னியூஸ் என்றது. சர்க்கார் கௌனஸில் இருந்தது. அக்டோபர் 9 நாடெங்கும் துக்க நாள். வில்னியூஸை மீட்கும் சங்கம் ஒன்று 1925-இல் தோன்றிப் பள்ளிப் பிள்ளைகள்வரை உறுப்பினர் சேர்த்தது. முதலாவது ரெஜிமெண்டோ உக்மெர்கேயில் குடியேறிற்று. வில்னியூஸ் போகும் நெடுஞ்சாலை அவ்வூர் வழியே செல்கிறது; அச்சாலையில் முப்பது கிலோமீட்டர்கூடப் போகுமுன் எல்லைக்கோடு வந்துவிடும்.

ரெஜிமெண்டுக்குச் சூட்டிய பெயரையும் பாருங்கள். ஒன்பது காலாட்படை ரெஜிமெண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பண்டை லிதுவேனிய அரசர் பெயர்களே வைத்தார்கள். முதலாவதுக்குக் கிடைத்தது மகா பிரபு கெதிமினஸின் பெயர். பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட அவரே வில்னியூஸை நிறுவியவர் என்பது ஐதிகம். வேட்டையாடிக் களைத்துக் குன்றடியில் உறங்கியபோது, குன்றின்மேல் ஓர் இரும்பு ஓநாய் நூறு ஓநாய்களின் குரலில் ஊளையிடுவதாகக் கனாக் கண்டாராம். இங்கே ஒரு நகரம் கட்டுக, அதன் புகழ் உலகெங்கும் ஒலிக்கும் என்று பூசாரி பலன் சொன்னாராம். (ஓநாய்க்கு அவர்கள் மொழியில் வில்கஸ். வடமொழி வ்ருகத்தின் உறவு. நெருப்பு உக்னிஸ், ஆடவன் வீரஸ். மொழிநூல் பயிலும் நண்பர்கள் மேலே ஆராய்க.) இழந்த நகரத்தை நிறுவியவரின் பெயரை, அந்நகருக்குப் போகும் சாலையில் நிறுத்திய பட்டாளத்துக்கு வைத்தார்கள். அவ்வூர் முகாமில் ஒன்றரை ஆண்டு இருந்த விவசாயச் சிறுவன் ஒருவன் அந்தப் பெயரைத் தினம் எத்தனை முறை கேட்டிருப்பான்!

நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த அமைதிக் காலந்தான். போர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. முகாம்களைப் பற்றி எழுதுவார் குறைவு. 1923-இல் அந்நாட்டின் ஜனத்தொகை சுமார் 20 இலட்சமே, பெரும்பாலோர் உழவர். கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஏராளம். ரெஜிமெண்டுதோறும் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். பாட்டன் காலத்தில் கடத்தி வந்த அரிச்சுவடி, பேரன் காலத்தில் சர்க்கார் செலவில் முகாமிலே! அதிகாரிகளின் பாடு இன்னும் வேடிக்கை. அவர்கள் ரஷ்ய மொழியில் கட்டளையிட்டே பழகியவர்கள். “வலப்பக்கம் திரும்பு”, “குறி பார்” என்பதற்கெல்லாம் லிதுவேனியச் சொல் ஆக்க வேண்டியிருந்தது. கலைச்சொல்லுக்காக நம் நாட்டில் நடக்கும் வாதங்களைக் கேட்டவர்களுக்கு இதன் சிரமம் புரியும். ஒரு வித்தியாசம், பட்டாளத்தில் சொல் நீண்டுவிட்டால் அணி சுவரில் போய் முட்டும்.

1919-இல் வந்த தொண்டர்கள் சுமார் 10,000 பேர். அவர்களுக்கு நிலம் தருவதாக சர்க்கார் வாக்களித்திருந்தது. 1922-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பெரிய பண்ணைகளை உடைத்துக் கொடுத்தபோது தொண்டர்களுக்கு முன்னுரிமை. வாக்களித்ததைக் கொடுத்தார்கள் என்பதைக் குறிப்பிடாமல் போவது தர்மமன்று.

இன்னொன்று. தொண்டர்களில் சுமார் 500 பேர் யூதர்; சுதந்திரப் போர்க் காலத்தில் ராணுவத்தில் பணி செய்த யூதர் மொத்தம் 3,000 பேர்வரை. வீர விருதான வீதிஸ் சிலுவை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. 1933-இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உக்மெர்கே மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் யூதர். முகாமுக்கு ரொட்டியும் தோலும் துணியும் தந்த கடைத்தெரு பெரிதும் அவர்களுடையது. பெலாருஸ் மொழியாளர் ரெஜிமெண்டு ஒன்றும் இந்த ராணுவத்தின் தொடக்க நாட்களில் இருந்தது. இந்தப் பட்டாளம் ஒரே இனத்தாரின் சொத்தாகப் பிறக்கவில்லை.

குறைகளும் உண்டு. 1926 டிசம்பர் 17 இரவு கௌனஸில் சில அதிகாரிகள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, முறைப்படி தேர்ந்தெடுத்த சர்க்காரைக் கவிழ்த்தார்கள். ஸ்மெத்தோனா ஜனாதிபதியானார், 1940 வரை இறங்கவில்லை. மக்களாட்சியைக் காக்கப் பிறந்த சேனை எட்டு வயதிலேயே அதைக் கவிழ்த்தது.

ஆயுத விஷயத்தில் சிறு நாடு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். செக்கோஸ்லோவாகியாவிலும் பெல்ஜியத்திலும் செய்த மௌசர் துப்பாக்கிகள், செக் நாட்டு பர்னோ நகரத்து இலேசுரக இயந்திரத் துப்பாக்கி. (நம் ராணுவம் நெடுங்காலம் வைத்திருந்த பிரென் துப்பாக்கி இதன் தம்பி, பெயரின் முற்பாதி பர்னோவிலிருந்து வந்ததே.) 1930-களின் நடுவில் கௌனஸில் ராணுவத்துக்கென ஓர் ஆராய்ச்சிச் சாலை கட்டினார்கள், தலைவர் வெப்ரா என்ற ரசாயனி. அதன் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் துறைக் கட்டடத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதாதிருப்பது நலம். தற்காலிகத் தலைநகரில் அவ்விருபது ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பிறகு மூன்று இறுதி எச்சரிக்கைகள் வந்தன. 1938 மார்ச்சில் போலந்திலிருந்து: தூதரக உறவு கொள், இல்லையேல் படை வரும். ஒப்புக்கொண்டார்கள். 1939 மார்ச்சில் ஹிட்லரிடமிருந்து: கிளைப்பேதா துறைமுகத்தைக் கொடு. கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ராணுவம் முகாமில் காத்திருந்தது, கட்டளை வரவில்லை.

மூன்றாவதற்கு முன் ஓர் அதிசயம் நடந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மனியும் ரஷ்யாவும் போலந்தைப் பங்கிட்டன. அக்டோபர் 10 அன்று ஸ்டாலின் வில்னியூஸை லிதுவேனியாவுக்கே கொடுத்தார்! விலை: 20,000 சோவியத் துருப்புகளை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும். அவை தங்கிய ஊர்களுள் ஒன்று அலீட்டூஸ். யுவோசபாவிச்சியூஸ் எவர்களைத் தடுத்து மடிந்தாரோ அவர்கள் இருபது ஆண்டுக்குப் பின் ஒப்பந்தத்தின்படி அவ்வூரில் முகாமிட்டனர். அப்போதே சிலர், “வில்னியூஸ் நம்முடையது, நாமோ ரஷ்யருடையோம்” என்று கசப்பாகச் சொல்லிக்கொண்டார்களாம்.

அக்டோபர் இறுதியில் வித்கவுஸ்கஸ் என்ற தளபதியின் கீழ் லிதுவேனியப் படை வில்னியூஸுக்குள் நுழைந்தது. கோபுரத்தில் மறுபடி மூவர்ணக் கொடி. கெதிமினஸ் ரெஜிமெண்டு உக்மெர்கேயை விட்டு கெதிமினஸின் நகருக்கே குடிபெயர்ந்தது. பிறந்த ஊருக்கு இருபதாண்டு கழித்து ஒரு பட்டாளம் திரும்பிற்று. சினிமாவாயிருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும்.

உள்ளே போய்ப் பார்த்தபோது நகரம் கனவிற் கண்டதுபோலில்லை. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே மூன்றில் இரு பங்கினர் போலந்து மொழியினர், கால் பங்குக்கு மேல் யூதர், லிதுவேனியர் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறார். வீதியில் சிப்பாய் வழி கேட்டால் லிதுவேனியத்தில் பதில் சொல்ல ஆளில்லை. ரஷ்யர் திரும்பும்போது எடுத்துச் செல்லக்கூடியவற்றை எடுத்துச் சென்றிருந்தனர். எலெக்திரித் என்ற பெரிய ரேடியோத் தொழிற்சாலையை யந்திரங்களோடு பெயர்த்து மின்ஸ்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படை நுழைந்த சில தினங்களுக்குள் ரொட்டி விலையில் தொடங்கிய குழப்பம் யூதர் மேல் தாக்குதலாக மாறிற்று. நகரை நிறுவியவரின் பெயர் தாங்கிய ரெஜிமெண்டு அந்நகரத்தாருக்கு அயலாராகவே நின்றது. பத்தொன்பது ஆண்டுகள் துக்கம் காத்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

1940 ஜூன் 14. அன்று பாரிஸ் வீழ்ந்தது. உலகத்தின் கண்ணெல்லாம் அங்கே. நள்ளிரவு நெருங்கும் வேளையில் மாஸ்கோவில் மொலோதோவ், லிதுவேனிய வெளிநாட்டு மந்திரி உர்ப்ஷிஸை வரவழைத்து மூன்றாவது எச்சரிக்கையைக் கொடுத்தார்: சர்க்காரை மாற்று, இரு அதிகாரிகளை விசாரணைக்கு உட்படுத்து, அளவில்லாமல் எங்கள் துருப்புகளை உள்ளே விடு, பதில் காலை 10 மணிக்குள். கௌனஸில் மந்திரிசபை இரவு முழுதும் விவாதித்தது. பெயரளவுக்கேனும் எதிர்க்க வேண்டும் என்றார் ஜனாதிபதி; பாதுகாப்பு மந்திரி முஸ்தேய்கிஸ் அவர் பக்கம். எதிர்ப்பது வீண் என்றனர் பெரும்பாலோர். அப்போது சேனாதிபதியாயிருந்த வித்கவுஸ்கஸும் அவ்வாறே சொன்னார். பணிந்தார்கள். அந்த அதிகாலையிலேயே எல்லையில் ஊத்தா என்ற இடத்தில் பராவுஸ்கஸ் என்ற காவலர் சோவியத் படையினரால் கொல்லப்பட்டிருந்தார். பிற்பகல் டாங்கிகள் நுழைந்தன. ஸ்மெத்தோனா அன்றிரவே மேற்கெல்லையில் ஒரு சிற்றோடையைக் கடந்து ஜெர்மனிக்குள் போய்விட்டார். முதலாவது ரெஜிமெண்டு சுடவில்லை. எந்த ரெஜிமெண்டும் சுடவில்லை.

இவ்விடத்தில் என் அறைத்தோழர் குறுக்கிட்டார். அவர் மதுரைக்காரர், சரித்திரம் பயில்பவர். “ஏன் ஐயா, இருபது வருஷம் சோறு போட்டு வளர்த்து, கேட்ட நாளில் ஒரு குண்டுகூடச் சுடாத பட்டாளத்துக்குச் சரித்திரம் வேறா?” என்றார். பின்லாந்து அந்தக் குளிர்காலத்திலேதான் மூன்றரை மாதம் ரஷ்யாவை எதிர்த்து நின்றதை எடுத்துக் காட்டினார். இரண்டு இரவு வாதாடினோம்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்லாந்துக்குள் ரஷ்ய முகாம் இல்லை; லிதுவேனியாவுக்குள் எட்டு மாதமாக இருந்தது. பின்லாந்துக்கு ஏரியும் காடும் பனியும் துணை. லிதுவேனியாவுக்கு ஜூன் மாதத்துச் சமவெளி. யோசிக்கக் கிடைத்தது பத்து மணி நேரம். படை திரட்ட ஒரு நாள்கூட இல்லை. இவையெல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கு வரவின் பக்கத்தை மட்டுமே காட்டுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சுடாமலிருந்ததால் உயிர்கள் மிஞ்சும் என்பதே அன்று பணிந்தவர்கள் நம்பியது. மிஞ்சினவா?

அந்தக் கோடையிலேயே ராணுவம் “மக்கள் சேனை” எனப் பெயர் மாறிற்று. சில வாரங்களில் பழைய ரெஜிமெண்டுகள் கலைக்கப்பட்டு, செஞ்சேனையின் 29-ஆவது பிராந்தியக் காலாட்படைக் கோரில் கரைக்கப்பட்டன. அதன் தலைவராக வித்கவுஸ்கஸே அமர்ந்தார். உக்மெர்கேயைப் பிடித்த லாதிகா 1940-இல் கைதானார். 1941-இல் சோவியத் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1941 ஜூன் 14 அன்று, எச்சரிக்கை வந்து சரியாக ஓராண்டு நிறைந்த தினத்தில், பப்ராதே முதலிய பயிற்சி முகாம்களிலிருந்த லிதுவேனிய அதிகாரிகளைப் பிடித்து வட துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள நொரில்ஸ்க் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். எட்டு நாளில் ஹிட்லரின் படையெடுப்பு. எஞ்சிய சிப்பாய்களில் பெரும்பாலோர் செஞ்சேனையை விட்டு ஓடினார்கள்.

ஓடியவர்களில் சிலர் செய்ததை மறைத்து இக்கட்டுரையை முடிப்பது பாவம். பழைய ராணுவத்தாரில் ஒரு பகுதியினர் ஜெர்மானியர் அமைத்த காவற்படைகளில் சேர்ந்து யூதர்களைக் கொல்வதில் பங்கு கொண்டனர். உக்மெர்கே யூதர்கள் 1941-இல் பக்கத்துப் பிவோனியா காட்டில் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முகாமுக்கு ரொட்டி விற்ற கடைத்தெரு முழுதும் போயிற்று. 1919-இன் யூதத் தொண்டர்களில் அந்நாள்வரை நாட்டில் உயிரோடிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மெடல்கள் ஒன்றும் உதவவில்லை. லிதுவேனிய யூதரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அழிந்தனர்.

நான் நினைவில் வைக்கச் சொன்ன ஷ்கிர்பா? கோபுரத்தில் முதற்கொடி ஏற்றிய அவர் 1940-இல் பெர்லினில் லிதுவேனியத் தூதர். அங்கிருந்தபடியே ஒரு போராட்ட முன்னணியை அமைத்தார். யூதரை நாட்டைவிட்டு விரட்ட வேண்டுமென்பது அதன் பிரசாரத்தில் ஒன்று. சுதந்திரம் மீண்ட பிறகு, அவர் கொடியேற்றிய குன்றின் அடிவாரத்திலேயே ஒரு சாலைக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். நெடிய வாதத்துக்குப் பின் 2019-இல் வில்னியூஸ் நகரசபை அதை மாற்றி “மூவர்ணச் சாலை” என்று பெயரிட்டது. கொடி ஏற்றியவர் பெயர் போய்க் கொடியின் பெயர் நின்றது. மாற்றியது சரியா என்று அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். சரியென்றே நான் நினைக்கிறேன்.

1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா மறுபடி சுதந்திரம் அறிவித்தது. மொலோதோவிடம் எச்சரிக்கையைக் கையில் வாங்கிய உர்ப்ஷிஸ், சிறையும் தள்ளாமையும் கடந்து, அதைக் கண்டுவிட்டே 1991-இல் இறந்தார். புதிய ராணுவத்தில் பழைய பெயர்கள் திரும்பின. கெதிமினஸ் பெயரை இப்போது வில்னியூஸில் தலைமையகப் பட்டாலியன் தாங்குகிறது. அரசாங்க விருந்தினருக்கு மரியாதை அணிவகுப்பு நடத்துபவர்கள் அவர்களே. இரும்பு ஓநாயின் பெயரும் ஒரு படைப்பிரிவுக்கு உண்டு.

அறைத்தோழர் இன்னும் சமாதானமாகவில்லை. இதைப் படித்துப் பார்த்துவிட்டு, “கேட்டதற்குப் பதில் இதில் எங்கே?” என்றார். அலீட்டூஸில் நெமுனஸ் மேலுள்ள பாலத்துக்கு இன்று யுவோசபாவிச்சியூஸின் பெயர் என்று சொன்னேன். அந்தப் பெயரை மாற்ற வேண்டுமென்று எவரும் கேட்டதாக நான் படிக்கவில்லை.